மணமேடை ஏறாத பூச்சடை

1

என் மகள் மீனாவின் கல்யாணத்தன்று, என் தங்கை கோமதி தைத்துக் கொண்டுவந்த பூச்சடையை மகளின் தலையில் வைக்கவிடாமல் தடுத்தேன். கோமதி கணவனை இழந்தவள் என்பது நான் சொன்ன காரணம். அதைத் தனியாக அழைத்தும் சொல்லவில்லை. மணமகள் அறை வாசலில், உள்ளூர்ப் பெண்களும் சம்பந்தி வீட்டுப் பெண்களும் கேட்கும்படி சொன்னேன்.

இதை எழுதும் எனக்கு எழுபத்து மூன்று வயது. சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்து, பொறியியல் படித்து, முப்பது வருடங்களுக்கு மேலாக ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் இருக்கிறேன். நான் செய்ததற்கு வயதையோ காலத்தையோ சாக்காகச் சொல்ல முடியாது. அப்போது என் தலை நரைத்திருந்தது, கையில் இரண்டு பட்டங்கள் இருந்தன.

இன்று மீனாவின் கல்யாண நாள், தை மாதம். இங்கே கோடைக்காலம். வீட்டின் பின்புறம் நான் வளர்க்கும் மல்லிகைச் செடி இந்த மாதத்தில்தான் வெறிபிடித்தாற்போல் பூக்கும். சாயங்காலம் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் மொட்டுகளைப் பறிப்பது என் வேலை. பறித்து என்ன செய்வது என்றுதான் தெரிவதில்லை. என் மனைவி சொர்ணம் சாமி படத்துக்குக் கொஞ்சம் வைப்பாள். மீதி சமையலறை மேடையில் கிண்ணத்தோடு மலர்ந்து, காலையில் பழுத்துக் கிடக்கும்.

ஊரில் தை மாதத்தில் மல்லிகை கிடைப்பது அரிது. பனிக்கு மொட்டு கட்டாது. கட்டினாலும் அரிசி போலச் சிறுத்திருக்கும். அந்தத் தையில்தான் கோமதி ஒரு முழுச் சடைக்கு மொட்டு சேர்த்தாள். பூ மார்க்கெட்டில் தெரிந்த வியாபாரிகளிடமெல்லாம் கார்த்திகையிலிருந்தே சொல்லிவைத்திருந்தாளாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2

பூச்சடை தைப்பது கோமதிக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த விளையாட்டு. வாழைப்பட்டையைச் சடை நீளத்துக்கு நறுக்கி, அதன்மேல் ஒரே அளவான மொட்டுகளை ஊசிநூலால் வரிசையாகத் தைத்து, ஓரத்தில் மரிக்கொழுந்தும் கோழிக்கொண்டையும் வைப்பாள். தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூட விழாவில் ஆட வேண்டுமென்றால் இவளிடம்தான் வருவார்கள். கல்யாணமான பிறகும் தைத்தாள். யாரிடமும் எதுவும் வாங்கிக்கொண்டதில்லை. அவள் கணவர் சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாராம்.

அவர் மாரடைப்பில் போனபோது அவளுக்கு நாற்பது ஆகவில்லை. பிள்ளைகள் இல்லை. எங்கள் அப்பாவின் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். நான் மாதாமாதம் பணம் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். ஒரு வருடம் ஊசியையே தொடவில்லை.

பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓட்டுபவரின் மனைவி ஒருத்தி. அவளைச் செண்பகம் என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் அதுவல்ல. இந்தக் குறிப்பை எழுதலாமா என்று கோமதியிடம் கேட்டபோது, "எழுதிக்கோ. அவ பேரை மட்டும் போட்டுராத, சண்டைக்கு வருவா. என் பேரைப் போடு. நம்ம ஊர்ல பாதிப் பொம்பளைக்கு கோமதின்னுதான் பேரு" என்றாள்.

செண்பகம்தான் வழி கண்டுபிடித்தவள். கோமதி வீட்டுக்குள் இருந்து தைப்பாள். செண்பகம் சடைப் பெட்டியை எடுத்துப் போய்க் கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்கு வைத்துவிடுவாள். மாதிரி பார்க்க வருகிறவர்கள் செண்பகம் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார்கள். வருவதை இருவரும் பாதி பாதி எடுத்துக்கொள்வார்கள். யார் தைத்தது என்று கேட்டால் "நம்ம வீட்டுச் சடைதான்" என்பாள் செண்பகம். அது பொய்யில்லை. எல்லாருக்கும் தெரியவும் தெரியும். மார்க்கெட்டில் காலையில் மொட்டு பொறுக்கிக்கொண்டிருப்பவள் கோமதி என்பதை ஊரே பார்த்தது. ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாதவரை எந்த மாமியாரும் எதையும் கடைப்பிடிக்க வேண்டியதில்லை.

யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை இது. ஒரு பெண் பிழைக்க வேண்டும், சடையும் அழகாக இருக்கிறது, சாத்திரத்தையும் யாரும் எதிர்க்கவில்லை. இந்த மூன்றையும் ஒரே மௌனத்தில் அடக்கிவிட்டது ஊர். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய எனக்கு அந்த மௌனம் புரியவில்லை. நான் புறப்படும்போது இருந்த சங்கரன்கோவிலை அப்படியே கூடவே எடுத்துப்போய் வைத்திருந்தேன். ஊர் அதற்குள் நகர்ந்து போயிருந்தது.

3

மண்டபத்தில் மணமகள் அறை. மீனா கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். செண்பகம் ஈரத் துணி விலக்கிப் பெட்டியைத் திறந்ததும் சம்பந்தியம்மா எட்டிப் பார்த்து, இந்தப் பனியில் இவ்வளவு மொட்டா என்று வியந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். கோமதி எனக்குப் பின்னால் தூணோரம் நின்றாள்.

எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டேன், யார் தைத்தது என்று.

"நம்ம வீட்டுச் சடைதான் அண்ணாச்சி" என்றாள் செண்பகம். என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்கு அவள் கொடுத்த வாய்ப்பு அது என்பது இப்போது விளங்குகிறது.

"கோமதி தச்சதா? அவ கை பட்டதைக் கல்யாணப் பொண்ணு தலையில வைக்கக் கூடாது. எடுத்து அங்கன வைங்க."

சத்தம் போடவில்லை. மெதுவாக, பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன். சம்பந்தி வீட்டார் நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் என் மனதில் ஓடியது. பிறகு எங்கள் உறவில் ஒரு பெரியம்மா, "அதுவும் சரிதான" என்றார். அதுவரை சரியா தவறா என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

மீனா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "அப்பா, அத்தை..." என்று தொடங்கினாள். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அலங்காரம் செய்ய வந்திருந்த பெண்ணின் பையில் ஒரு பிளாஸ்டிக் பூச்சடை இருந்தது. அதை வைத்தார்கள்.

முகூர்த்த நேரத்துக்கு விரியும்படி பார்த்துத் தைத்திருந்தாள் கோமதி. தாலி கட்டும் நேரத்தில் அது சரியாக விரிந்தது, மூடிய பெட்டிக்குள். புடவை மாற்ற அந்த அறைக்குப் போனவர்கள் வாசம் தாங்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். கோமதி சாப்பிடாமல் போனால் பேச்சாகும் என்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நாங்கள் விமானம் ஏறும் நாளில் எனக்கு வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். சடையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

4

சில வருடங்கள் கழித்து சம்பந்தியம்மா பிரிஸ்பேனுக்கு வந்து மூன்று மாதம் இருந்தார். ஒரு மழைநாளில் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஒரு படத்தில் நிறுத்தினார். மீனாவின் முதுகுப்புறம் எடுத்த படம்.

"அந்த மொட்டுச் சடையை ஏன் சம்பந்தி மாத்தினீங்க? நான் ஆசையா இருந்தேன். பிளாஸ்டிக்கை வச்சுட்டீங்களே" என்றார்.

சம்பந்தி வீட்டாருக்காகத்தான் மாற்றினேன் என்று இழுத்தேன். அவர் ஆல்பத்தை மூடினார். எட்டு வயதில் அப்பாவை இழந்தவராம் அவர். தன் கல்யாணத்தில் தலைவாரிப் பூ வைத்துவிட்டது அம்மாதானாம். "எங்க அம்மா வச்ச பூவோட நாப்பது வருஷம் நல்லாத்தான் வாழ்ந்தேன்" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்து போனார்.

யாருக்கு அஞ்சி அப்படிப் பேசினேனோ, அவருக்கு அப்படி ஓர் எண்ணமே இருந்ததில்லை. அன்று சாயங்காலம் செண்பகத்துக்குப் போன் செய்தேன். அவள் முதலில் பிடி கொடுக்கவில்லை. பிறகு கொட்டினாள். கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் உள்ளூர்க்காரர்கள். அண்ணனே வேண்டாம் என்ற பிறகு நாம் எப்படி வாங்குவது என்று ஒவ்வொரு வீடாக நின்றுபோனது. பூப்புச் சடங்கு வீடுகளும் நின்றன. பள்ளிக்கூட நடனத்துக்கும், கடையநல்லூர் முஸ்லிம் வீடுகளுக்கும் மட்டும் சடை போயிற்று. இரண்டு வருடம் கோமதி ஒருவேளைச் சமையலோடு நாளை ஓட்டினாளாம். நான் மாதாமாதம் போன் செய்யும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன். சாப்பிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

5

பரிகாரம் என்று நான் முதலில் நினைத்தது அவளை இங்கே கூட்டிவருவது. விசா விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். கணவனை இழந்தவர் என்ற கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன். ஒரு வாழ்க்கையைக் கவிழ்த்த விஷயம் அங்கே விரல்நுனி அளவுக் கட்டம். அடுத்து, தொழில் என்ன என்ற கேள்வி. கொஞ்சமும் யோசிக்காமல் 'வீட்டு வேலை' என்று எழுதினேன்.

விசா மறுக்கப்பட்டது. குடும்பமும் இல்லை, வேலையும் இல்லை, இவர் திரும்பிப் போவார் என்று நம்பக் காரணமில்லை என்று பதில் வந்தது. சொர்ணம் அதை வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பதினஞ்சு வருஷமா தச்சுத்தான சாப்பிடுதா. அதை ஏன் நீங்க எழுதல?" சடை தைப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு என்ற நினைப்பு என் மண்டையை விட்டுப் போகவே இல்லை. மீனா வாரக்கடைசியில் கேக் செய்து விற்கத் தொடங்கியபோது அதைத் தொழில் என்று நண்பர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னவன் நான்.

மீனாவின் மகள் தியாவுக்குத் தமிழ் காதில் ஏறும், நாவில் வராது. பத்து வயதில் ஒருநாள் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, அம்மா ஏன் பிளாஸ்டிக் பூ வைத்திருக்கிறாள் என்று கேட்டாள். அமங்கலம் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தடுமாறி, கடைசியில் 'அன்லக்கி' என்றேன். "அன்லக்கி ஃபார் ஹூம், தாத்தா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓடிவிட்டாள். இப்போது முடியைக் காதோடு வெட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த வீட்டில் இனிப் பூச்சடை வைக்கத் தலை இல்லை.

6

எழுபதாவது வயது பிறந்தபோது அதற்கான சாந்தி விழாவை ஊரிலேயே செய்வோம் என்று பிடிவாதம் பிடித்தேன். கணவனும் மனைவியும் மறுபடி மாலை மாற்றிக்கொள்ளும் விழா. சொர்ணம் மணப்பெண்போல் உட்கார வேண்டும். கோமதி பூ தைக்கட்டும் என்பதுதான் என் எண்ணமெல்லாம்.

அதற்குள் ஊர் பழையபடி வாயை மூடிக்கொண்டிருந்தது. வருடங்கள் ஓடியிருந்தன. பெரியம்மா இறந்துபோயிருந்தார். புதிய மணப்பெண்களின் வீட்டாருக்குச் செண்பகத்தைத்தான் தெரியும். கல்யாணச் சடைகள் மறுபடி போக ஆரம்பித்திருந்தன. செண்பகத்தின் போனில் படங்களைப் பார்த்துத்தான் ஆர்டர் வரும். நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

சொர்ணத்துக்கு முடி கொட்டிப் போயிருந்ததால் கொண்டையைச் சுற்றி வைக்க வட்டமாக ஒரு பூ தைக்கச் சம்மதித்தாள் கோமதி. "தச்சுத் தாரேன். செண்பகம்தான் வைப்பா. அதுல மாத்தம் இருக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன்.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. அதே உறவு, அதே தெருக்காரர்கள். நான் மைக்கை வாங்கினேன். மகள் கல்யாணத்தில் நான் செய்த பிழையைச் சொன்னேன். "இன்னைக்கு என் தங்கச்சி தச்ச பூவை, என் தங்கச்சியே அவ கையால வைப்பா" என்றேன். கைதட்டினார்கள். போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள்.

கோமதி பின்வரிசையில் இருந்தாள். வராமல் இருந்திருக்க முடியாது. எழுந்து வந்தாள். கொண்டை ஊசிகளை உதடுகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துச் சொருகினாள். என்னைப் பார்க்கவில்லை. ஊசி வாயில் இருந்ததால் அவள் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. முடித்ததும் இறங்கிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு மனது லேசாகிவிட்டது. அந்த லேசான மனதோடு அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

யாரோ எடுத்த வீடியோ ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் போயிற்று. புரட்சி என்று எழுதியிருந்தார்கள். அந்த வாரமே, ஒப்புக்கொண்டிருந்த கல்யாண வீடுகளிலிருந்து செண்பகத்துக்குப் போன் வந்தது. வேறு ஏற்பாடு ஆகிவிட்டது, தப்பாக நினைக்காதே என்று மரியாதையாகவே சொன்னார்களாம். வீடியோவைப் பாராட்டியவர்களும் அதில் இருந்தார்கள். யாரோ ஒருத்தி செய்வதைப் பாராட்டினாலும் தன் மகள் கல்யாணத்தில் சோதனை செய்து பார்க்க அவர்களுக்கு மனமில்லை.

நான் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்னால் செண்பகம் வாசற்படியில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, மொதல்ல மைக்கு இல்லாம வந்து பொழைப்பக் கெடுத்திய. இப்ப மைக்கோட வந்து கெடுத்துட்டிய. அடுத்த தடவை வாறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுருங்க. நாங்களே கடையப் பூட்டி வச்சிருதோம்."

"ஏட்டி, அவனை விடு" என்றாள் கோமதி உள்ளேயிருந்து. எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன் என்றேன்.

"எனக்கு என்ன வேணும்னு கேட்டியாண்ணே?"

"இப்பக் கேக்கேன் கோமு. என்ன வேணும்?"

"இப்ப ஒண்ணும் இல்ல. அன்னைக்கு நீ வாயைத் தொறக்காம இருந்திருக்கணும். அன்னைக்கு வேணாம், முடிஞ்சு போச்சு. இந்தத் தடவையாவது இருந்திருக்கலாம்." டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "காப்பி ஆறுது பாரு."

என் மனப்பாரத்தை இறக்கிவைக்க அவளை மேடைக்கு இழுத்திருக்கிறேன். முதல் தடவை அவளை ஒளித்தேன், இரண்டாம் தடவை காட்சிக்கு வைத்தேன். இரண்டு தடவையும் அவளைக் கேட்கவில்லை.

7

இது நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. உள்ளூர்க் கல்யாணங்கள் திரும்பி வரவில்லை. கணவனை இழந்த ஒரு தாய், தன் மகளுக்கு வேண்டுமென்று ஒரே ஒரு தடவை கேட்டு வந்தாராம். கோமதி தைத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான். கடையநல்லூர் வீடுகள் மட்டும் இன்றைக்கும் இருக்கின்றன. செண்பகத்துக்கு முட்டி வலி வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறி இறங்க முடிவதில்லை. அதனால் கோமதியே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகிறாள்.

போன மாதம் நான் போன் செய்தபோது, நான் கேட்காமலேயே அவளாகச் சொன்னாள். அங்கே முதல் தடவை போனபோது பெட்டியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றிருக்கிறாள். உள்ளேயிருந்து பெண்ணின் உம்மா கூப்பிட்டு, தச்ச நீங்களே வச்சு விட்டுருங்கக்கா, எங்களுக்குக் கோணிப் போவும் என்றாராம். இவள் தயங்கியிருக்கிறாள். தன் நிலையைச் சொல்லியும் இருக்கிறாள். அந்த அம்மா, அதுக்கென்ன, நேரமாகுது வாங்க என்று கையைப் பிடித்து உட்காரவைத்தாராம்.

"இத்தனை வருஷம் தச்சிருக்கேன். ஒரு கல்யாணப் பொண்ணு தலையில என் சடை எப்படி உக்காருதுன்னு அதுவரைக்கும் நான் கண்ணால பாத்ததே இல்லண்ணே. செண்பகம் போன்ல காட்டுததுதான்."

சொர்ணத்துக்கு வைத்தாயே என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"அன்னைக்கு நான் எங்க பூவைப் பாத்தேன்? மண்டபம் பூராம் என்னையல்லா பாத்துக்கிட்டு இருந்துச்சு." "கடையநல்லூர்ல யாரும் என்னையப் பாக்கல. பூவைத்தான் பாத்தாங்க."

அதனால் நான் செய்தது நல்லதாகிவிட்டது என்று அவள் சொல்லவில்லை. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் அவள் இழந்தது இழந்ததுதான். பஸ் வராத நாட்களில் அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சாப்பிட்டேன் என்பாள்.

இன்று காலை கோமதி ஒரு படம் அனுப்பியிருந்தாள். எனக்காக அனுப்பியதல்ல, வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் போகிற படம். பனிக்கால மொட்டு, சிறிதும் பெரிதும் கலக்காமல், ஒரு பெண்ணின் முதுகில் இடுப்பு வரை இறங்கியிருந்தது. கோமதி படத்தில் இல்லை. நான் நீளமாக ஏதேதோ எழுதினேன். மீனாவின் கல்யாண நாள் என்று எழுதினேன், மன்னித்துவிடு என்று எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பதினான்கு வருடத்துக்கு முன்னால் மணமகள் அறை வாசலில் சொல்லியிருக்க வேண்டியதை மட்டும் எழுதி அனுப்பினேன்.

"பூ நல்லா இருக்கு கோமு."

பார்த்துவிட்டாள். பதில் எழுதவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு செடிக்குப் போனேன்.